முதல் டிஎஸ்எல்ஆருக்கு எந்த ஜூம் லென்ஸ்? 18-55, 18-140, 17-50 லென்ஸ்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

டிஎஸ்எல்ஆர் கேமராவை முதன்முதலாக வாங்குபவர்கள் பாடியைத் தேர்ந்தெடுப்பதற்கு வாரக்கணக்கில் அலைகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு எத்தனை படங்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிடுகிறார்கள். லென்ஸ் என்று வரும்போது மட்டும், பெட்டியோடு வருவதே போதும் என்றோ, எது அதிக தூரம் இழுக்கிறதோ அதுவே நல்லது என்றோ சில நிமிடங்களில் முடிவெடுத்துவிடுகிறார்கள். படத்தின் தோற்றத்தைப் பாடியைவிட லென்ஸே அதிகம் தீர்மானிக்கிறது என்பதால், அந்தக் கவனத்தில் பாதியையாவது லென்ஸுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தொடக்கநிலையில் இருப்பவருக்குப் பொருந்தக்கூடிய மூன்று வகை ஜூம் லென்ஸ்களை, பயன்படுத்தி அறிந்த வரையில் இங்கே மதிப்பிடுகிறேன். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஒன்று, அதைவிட நீண்ட வீச்சுள்ள 18-135 அல்லது 18-140 மி.மீ. மற்றொன்று, வீச்சு குறுகியதானாலும் ஒளியைத் தாராளமாக உள்ளே விடும் 17-50 மி.மீ. எஃப்/2.8 (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) மூன்றாவது.

தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருப்பது ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு). அது 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது என்பதால், அதே லென்ஸ், அந்தச் சட்டத்தின் அளவிலேயே சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் காட்டும் காட்சியைவிடக் குறுகிய காட்சியையே இதில் காட்டும். கேனானில் குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரில் மி.மீ.யில் உள்ள எண்) 1.6ஆலும், நிக்கானிலும் பென்டாக்ஸிலும் 1.5ஆலும் பெருக்கினால் ஒப்பிடத்தக்க எண் கிடைக்கும். அந்தக் கணக்கின்படி 18 மி.மீ. என்பது நிக்கானில் 27 மி.மீ. லென்ஸின் பார்வை, கேனானில் ஏறத்தாழ 29. மறுமுனையான 55 மி.மீ. நிக்கானில் ஏறத்தாழ 82, கேனானில் 88. ஓர் அறைக்குள் நிற்கும் குடும்பம் முழுவதையும் சட்டத்துக்குள் அடக்குவது முதல் ஒருவரின் முகத்தையும் தோளையும் மட்டும் எடுப்பது வரை அனைத்தும் இந்த வீச்சுக்குள் வந்துவிடுகின்றன.

லென்ஸின் பெயரில் வலப்பக்கம் இருக்கும் எண் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதே பலருடைய வழக்கம். இடப்பக்கம் இருக்கும் எண் எவ்வளவு சிறியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். தொலைவில் உள்ளது சற்றுச் சிறிதாகத் தெரிந்தால் நாலடி முன்னே நடக்கலாம், எடுத்த படத்தைப் பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்; முதுகு சுவரில் முட்டிய பிறகு பின்னே போவதற்கு இடமில்லை, சட்டத்துக்கு வெளியே விடுபட்டுப்போன ஆளைப் பிறகு சேர்க்கவும் வழியில்லை. 16 மி.மீ.க்கும் 18 மி.மீ.க்கும் இடையே உள்ள வெறும் 2 மில்லிமீட்டர், நிக்கானின் ஏபிஎஸ்-சி அளவான டிஎக்ஸ் சென்சாரில் மூலைவிட்டக் கணக்கில் ஏறத்தாழ 83 பாகைக்கும் 76 பாகைக்கும் உள்ள வேறுபாடாகிறது. மறுமுனையில் 135 என்பது 140 ஆனால் அந்த வேறுபாட்டைப் படத்தில் கண்டுபிடிப்பதே அரிது.

18-55 லென்ஸுக்கு வாய்த்த கெட்ட பெயர் பழைய காலத்தைச் சேர்ந்தது. 2003இல் கேனான் ஈஓஎஸ் 300டி கேமராவோடு இந்த வீச்சு அறிமுகமானபோது அதில் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அதிர்வுத் தடுப்பு இல்லை. ஓரங்கள் தெளிவின்றி வந்தன. கேமராவோடு வரும் கிட் லென்ஸ் என்றாலே கழற்றி வைத்துவிட வேண்டியது என்ற பேச்சு அப்போது வேரூன்றியது. 2007இல் கேனானும் நிக்கானும் அதிர்வுத் தடுப்போடு கூடிய 18-55 லென்ஸ்களை வெளியிட்டன. 2013இல் கேனானின் எஸ்டிஎம் ஃபோகஸ் மோட்டார் பதிப்பும் 2016இல் நிக்கானின் ஏஎஃப்-பி ஃபோகஸ் மோட்டார் பதிப்பும் வந்த பிறகு, 2003இன் லென்ஸோடு இவற்றை ஒரே பெயரில் அழைப்பதே நியாயமில்லை என்னும் அளவுக்கு முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது. ஃபோகஸ் ஓசையின்றி, விரைவாக, தடுமாறாமல் பொருந்துகிறது. ஃபோகஸ் செய்யும்போது முன்கண்ணாடி சுழல்வதில்லை; ஆகவே ஒளித் தெறிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைத் திருப்பி வைத்த நிலை கலைந்துபோவதில்லை. இரண்டு லென்ஸ்களும் 205 கிராம் எடைதான். நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் சுமையாகத் தெரியாத கேமராவே அதிகப் படங்களை எடுக்கும் என்பதால், இந்த எடையைச் சிறிய நன்மையாக நான் கருதவில்லை.

இந்த லென்ஸில் பலர் கவனிக்காத ஒரு திறமை, பொருளை நெருங்கிப் படமெடுப்பது. சென்சாரிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவு வரை நெருங்கலாம்; அது லென்ஸின் முனையிலிருந்து அளக்கும் தொலைவன்று என்பதால், 55 மி.மீ.யில் வைத்து எடுக்கும்போது ஒரு பூவின் மேல் ஏறக்குறைய முட்டிக்கொள்வது போலவே நிற்க நேரிடும். கேனான் எஸ்டிஎம் பதிப்பில் 6 சென்டிமீட்டரைச் சற்றே மிஞ்சும் அகலமுள்ள ஒரு பொருள் சட்டத்தை முழுமையாக நிரப்பிவிடும். இதற்கெனத் தனி மேக்ரோ லென்ஸ் வாங்குவதைத் தள்ளிப்போடலாம் என்று சொல்லும் அளவுக்கு இது பயன்படுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் 17-50 எஃப்/2.8 லென்ஸ்களோ நீண்ட வீச்சுள்ள 18-140 லென்ஸோ இந்த அளவுக்கு உருப்பெருக்கம் தருவதில்லை.

அதிர்வுத் தடுப்பின் பயனை எண்ணால் சொல்வது எளிது. அது இல்லாவிட்டால் 55 மி.மீ.யில் கை நடுக்கம் தெரியாமல் எடுக்க ஏறத்தாழ 1/80 நொடி வேகம் தேவைப்படும் என்பது புகைப்படக்காரர்கள் பின்பற்றும் பொது விதி. தடுப்பு இயங்கும்போது 1/10 நொடியில் எடுத்த படங்களிலும் பெரும்பாலானவை தெளிவாக வருகின்றன. கேனான் இதை ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், டாம்ரான் விசி என்றும், சிக்மா ஓஎஸ் என்றும் எழுதும். பென்டாக்ஸில் அதிர்வுத் தடுப்பு பாடியிலேயே இருப்பதால் லென்ஸின் பெயரில் அதைத் தேட வேண்டியதில்லை.

வாங்கும்போது இந்த எழுத்துகளை நிதானமாகப் படிக்க வேண்டியதன் காரணம், ஒரே வீச்சுள்ள லென்ஸ்கள் தடுப்போடும் தடுப்பின்றியும் விற்பனைக்கு வந்திருப்பதுதான். நிக்கான் ஏஎஃப்-பி 18-55 இரண்டு வடிவங்களில் உண்டு. விஆர் என்ற இரண்டு எழுத்துகளைத் தவிர வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. கேனானிலும் மலிவான பெட்டிகளில் ஐஎஸ் இல்லாத 18-55 இடம்பெற்றதுண்டு. விலை வேறுபாட்டைப் பார்த்துத் தடுப்பில்லாததைத் தேர்ந்தெடுப்பது, தொடக்கநிலையில் இருப்பவர் செய்யக்கூடிய சிக்கனங்களில் மிகவும் நட்டமானது என்று நினைக்கிறேன்.

நிக்கான் பழைய பாடியைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் டி3000, டி3100, டி3200, டி5000, டி5100, டி90, டி7000 போன்ற பாடிகளில் ஃபோகஸ் ஆவதில்லை. தானாக மட்டுமன்று, கையால் திருப்பினாலும் ஆகாது. டி3300, டி5300, டி5500 ஆகியவற்றுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு தேவை. பழைய பாடியை வாங்கியவர் ஏஎஃப்-எஸ் என்று எழுதப்பட்ட 18-55 விஆர் லென்ஸைத் தேடுவதே சரி.

குறைகளையும் சொல்ல வேண்டும். கேமராவோடு பொருந்தும் வளையமான மவுண்ட் பிளாஸ்டிக்கால் ஆனது. இவ்வளவு எடை குறைந்த லென்ஸுக்கு அது ஆபத்தானதன்று என்றாலும், அடிக்கடி கழற்றி மாட்டுபவர் நாளடைவில் தேய்மானத்தை எதிர்பார்க்கலாம். ஃபோகஸ் வளையம் மின்விசையால் இயங்குவதால் கேமரா அணைந்திருக்கும்போது திருப்பிப் பயனில்லை. தொலைவு அளவுகோலும் கிடையாது. 18 மி.மீ.யில் கட்டடங்களின் நேர்கோடுகள் வெளிப்பக்கமாக வளைகின்றன, ஆனால் கேமராவோ மென்பொருளோ அதைத் திருத்திவிடும்.

உண்மையான குறை ஒளியில்தான் இருக்கிறது. எஃப்/3.5-5.6 என்று எழுதியிருந்தாலும், எஃப்/3.5 கிடைப்பது 18 மி.மீ.யில் மட்டுமே, ஜூம் செய்யச் செய்ய அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) சுருங்கிக்கொண்டே போய் 55இல் எஃப்/5.6க்கு வந்து நிற்கிறது. 2017இல் கேனான் வெளியிட்ட சிறிய உடலமைப்புள்ள பதிப்பு தொடங்குவதே எஃப்/4இல்தான். மாலை நேரத்தில் வீட்டு விளக்கொளியில் விளையாடும் குழந்தையை 55 மி.மீ.யில் எடுக்க முனைபவருக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600இலும் 1/30 நொடிக்கு மேல் வேகம் கிடைக்காமல் போகலாம். அதிர்வுத் தடுப்பு நம் கையின் நடுக்கத்தை மட்டுமே தடுக்கும். குழந்தையின் அசைவை அது நிறுத்தாது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதியவர்களின் மங்கலான படங்களில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன.

18-135, 18-140 லென்ஸ்களுக்கு வருவோம். நிக்கான் 18-140 விஆர் 2013இல் வந்தது, 490 கிராம். கேனான் 18-135 ஐஎஸ் எஸ்டிஎம் 2012இல் வந்தது, 480 கிராம். இரண்டுமே நன்கு செய்யப்பட்டவை. நிக்கானில் மவுண்ட் உலோகத்தாலானது. பயணங்களில் லென்ஸ் மாற்ற விரும்பாதவர்களுக்கும், தூசி நிறைந்த வெளியிடங்களில் படமெடுப்பவர்களுக்கும், மேடை நிகழ்ச்சியைப் பகல் வெளிச்சத்தில் ஓரிடத்தில் அமர்ந்தபடி எடுக்க வேண்டியவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். ஒளிப் பற்றாக்குறை விஷயத்தில் இது 18-55ஐவிட ஒரு படிகூட மேலானதன்று. வாங்கிய ஆர்வத்தில் எல்லாவற்றையும் 140 மி.மீ.க்கு இழுத்து எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால், நடந்து போய்க் கோணத்தை மாற்றிப் பார்க்கும் பயிற்சி நின்றுவிடுகிறது. தொடக்கத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முதன்மையானது அந்தப் பயிற்சிதான் என்பதால் இதை ஒரு குறையாகவே குறிப்பிடுகிறேன்.

18-300, 18-400 ஆகியவற்றை முதல் லென்ஸாக வாங்க வேண்டாம். 2017இல் வந்த டாம்ரான் 18-400 பொறியியல் அளவில் வியக்கத்தக்க படைப்பு. ஆனால் 700 கிராமைத் தாண்டும் எடையைச் சிறிய பாடியின் முன் மாட்டினால் கேமரா மூக்கைக் கீழே சாய்த்துக்கொள்கிறது, நீண்ட முனையில் அபெர்ச்சர் எஃப்/6.3 ஆகிவிடுவதால் மேகமூட்டத்தில்கூட ஃபோகஸ் தடுமாறுகிறது. தவிர, இவ்வகை லென்ஸ்கள் அருகிலுள்ள பொருளை ஃபோகஸ் செய்யும்போது எழுதியிருக்கும் அளவுக்குப் பெரிதாகக் காட்டுவதில்லை. முழு வீச்சும் தொலைவிலுள்ளவற்றுக்கு மட்டுமே உரியது.

மூன்றாவது வகையைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதியவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. 2006இல் வந்த டாம்ரான் 17-50 எஃப்/2.8, 2010இல் வந்த சிக்மா 17-50 எஃப்/2.8 ஓஎஸ், கேனானின் சொந்தத் தயாரிப்பான 17-55 எஃப்/2.8 ஐஎஸ் ஆகிய மூன்றும் ஒரு குடும்பம். வீச்சு முழுவதும் எஃப்/2.8 மாறாமல் கிடைக்கிறது. 50 மி.மீ.யில் எஃப்/5.6உடன் ஒப்பிட்டால் இது நான்கு மடங்கு ஒளி. சற்று முன்னர் சொன்ன குழந்தையின் படத்தில் 1/30 நொடி என்பது 1/125 நொடியாகிவிடும், அசைவு உறைந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியே பார்ப்பது லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் என்பதால், இந்த லென்ஸை மாட்டியவுடனே கண்ணுக்குத் தெரியும் காட்சி பளிச்சென்று மாறுகிறது. பல பாடிகளில் நடுப் புள்ளியின் ஃபோகஸ் சென்சார் எஃப்/2.8 அல்லது அதைவிடப் பெரிய அபெர்ச்சருள்ள லென்ஸ்களுக்குக் கூடுதல் துல்லியத்தோடு இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மெதுவான கிட் லென்ஸை மட்டுமே பயன்படுத்துபவர் தன் கேமராவின் அந்தத் திறனை ஒருபோதும் தொடுவதில்லை. பின்புலம் மங்கி முகம் தனித்து நிற்கும் உருவப்படமும் இதில் எளிதாகிறது.

விலையும் எடையும் இதற்கான ஈடு. சிக்மா 565 கிராம்; ஃபில்டர் அளவு 77 மி.மீ. என்பதால் ஃபில்டர்களும் விலை கூடியவை. முழுதாகத் திறந்து எஃப்/2.8இல் எடுக்கும்போது ஓரங்கள் மென்மையாகவே வருகின்றன, எஃப்/4க்குக் குறைத்தால் நடுப்பகுதியோடு நெருங்கிவிடுகின்றன. ஃபோகஸ் பிழையை இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டும். வ்யூஃபைண்டர் வழியே எடுக்கும்போது டிஎஸ்எல்ஆர் தன் ஃபோகஸைச் சென்சாரில் பார்ப்பதில்லை; உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனிக் கருவியில் பார்க்கிறது. அந்தக் கருவியும் லென்ஸும் மயிரிழை அளவுக்கு ஒத்துப்போகாவிட்டாலும், எஃப்/5.6இல் தெளிவாகத் தெரியும் ஆழம் அதிகம் என்பதால் மறைந்துவிடும் பிழை எஃப்/2.8இல் கண்ணுக்கு வந்துவிடும். இதைச் சரிசெய்யும் நுண்திருத்த வசதி நிக்கான் டி3000, டி5000 வரிசைகளிலும் கேனானின் தொடக்கநிலைப் பாடிகளிலும் இல்லை. ஆகவே லென்ஸை வாங்கும் இடத்திலேயே, அசையாத ஒரு பொருளை வ்யூஃபைண்டர் வழியே ஃபோகஸ் செய்து ஒரு முறையும், லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து ஒரு முறையும் எஃப்/2.8இல் எடுத்து, இரண்டையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். லைவ் வ்யூ படம் மட்டும் தெளிவாக இருந்தால் அந்த லென்ஸ் அந்தப் பாடிக்கு உரியதன்று, வேறொன்றைக் கேளுங்கள்.

நிக்கான் தொடக்கநிலைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, லென்ஸில் இருக்க வேண்டும். டாம்ரான் 17-50இன் பழைய நிக்கான் பதிப்பு மோட்டார் இல்லாதது; பழைய பொருளாக வாங்கும்போது இதைக் கேட்டு உறுதிப்படுத்தாவிட்டால் கையால் மட்டுமே ஃபோகஸ் செய்ய நேரிடும்.

பின்னாளில் ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்குவோம் என்று எண்ணி இப்போதே 24-105 போன்ற லென்ஸை வாங்கும்படி சிலர் அறிவுறுத்துவார்கள். கேனான் ஏபிஎஸ்-சி பாடியில் அது ஏறத்தாழ 38 மி.மீ.யிலிருந்துதான் தொடங்கும், அகலக் கோணம் என்பதே இல்லாமல் போய்விடும். வருமா என்று தெரியாத ஒரு பாடிக்காக இன்றைய படங்களை இழப்பதை நான் ஏற்க மாட்டேன். ஏபிஎஸ்-சிக்கென்றே செய்யப்பட்ட கேனான் ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் அந்த நிறுவனத்தின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்களில் பொருந்தாது என்பதும் நிக்கான் டிஎக்ஸ் லென்ஸ்கள் பொருந்தினாலும் படம் வெட்டப்பட்டே பதிவாகும் என்பதும் உண்மைதான். ஆனால் நல்ல நிலையில் உள்ள லென்ஸைத் தேவை தீர்ந்தபின் விற்றுவிட முடியும்.

ஆக, என் தேர்வு வெளிப்படையானது. எதற்காக வாங்குகிறோம் என்று திட்டமாகத் தெரியாத நிலையில் அதிர்வுத் தடுப்புள்ள 18-55. வீட்டுக்குள் மனிதர்களை எடுப்பதே முதன்மை நோக்கம் என்றால் 17-50 எஃப்/2.8, ஒரே லென்ஸோடு பயணம் செய்பவர் என்றால் 18-135 அல்லது 18-140. 18-55 வாங்கியவர் சில மாதங்கள் கழித்து, எடுத்த படங்களின் கோப்பிலேயே பதிவாகியிருக்கும் குவியத் தூரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை 55இல் முட்டிக்கொண்டு நின்றால், கேனானில் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம், நிக்கானில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர் ஆகியவை அடுத்த லென்ஸாக இருக்கட்டும். இரண்டுமே விலைக்கு மீறிய தெளிவைத் தருபவை, எடையும் 400 கிராமை ஒட்டியே நிற்கிறது. 18இல் குவிந்திருந்தால் அகலக் கோண லென்ஸைப் பற்றி யோசிக்கலாம். ஐஎஸ்ஓ எண்கள் எப்போதும் உச்சத்தில் இருந்தால் ஒரு 35 அல்லது 50 மி.மீ. எஃப்/1.8 போதும், அது 17-50 எஃப்/2.8 ஜூம் லென்ஸைவிட மலிவானதும்கூட.

பெரிய நிறுவனங்களின் கவனம் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராக்கள் பக்கம் சென்றுவிட்டதால் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களைப் பலர் இப்போது பழைய பொருளாகவே வாங்குகிறார்கள். அது நல்ல வாய்ப்புதான், சோதித்து வாங்கினால். முன்பக்கமிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பின்பக்கமாகப் பார்த்தால், உள்ளே பூஞ்சை படர்ந்திருந்தால் மெல்லிய இழைகளாகத் தெரியும். அத்தகையதை என்ன விலைக்கும் வாங்க வேண்டாம். சிறு தூசித் துகள்கள் படத்தில் தெரியாது, அவற்றுக்காகத் தயங்க வேண்டியதில்லை. அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, ஜூம் வளையம் எங்கேனும் சிக்குகிறதா, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தானாகவே நீள்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, செங்கற்சுவர் போன்ற தட்டையான ஒரு பரப்பை நேருக்கு நேர் நின்று, 18, 35, 55 என்று மூன்று நிலைகளிலும் முழுதாகத் திறந்த அபெர்ச்சரில் எடுத்து, நான்கு மூலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவில் மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி நிலை பெயர்ந்திருக்கிறது, அந்த லென்ஸை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.